சூப்பர்மேன் பாடிய மேடை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் இசைநாடகங்களைப் பற்றிய கட்டுரையில், 1966-இல் வந்த சூப்பர்மேன் நாடகத்தின் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். தேடிப் பிடித்துக் கேட்டேன். பாட்டுகள் பிடித்திருந்தன, ஆனால் கதை பிடிபடவில்லை. நான் சினிமா கதை வசன ஒலிநாடாக்களைக் கேட்டு வளர்ந்தவன். படத்தைப் பார்க்காமலே முழுப் படமும் மனதுக்குள் ஓடிவிடும். இதில் அப்படி இல்லை, ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. 129 காட்சிகளோடு மூடிவிட்டார்கள் என்றும் படித்தேன். பார்வையாளர்கள் கைவிட்ட ஒரு நாடகத்தை, அதுவும் மேடையே இல்லாமல் வெறும் பாட்டாக, இத்தனை வருஷம் கழித்துக் கேட்பதில் என்ன கிடைக்கிறது? பழைய பொருட்கள் மேல் இருக்கும் ஆசைதானா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

பழைய பொருள் என்பதற்காக நான் எதையும் சிபாரிசு செய்வதில்லை. அந்த நாடகத்தின் பாட்டுகள் நல்ல பாட்டுகள். அதோடு, அந்த நாடகம் உண்மையில் யாரைப் பற்றியது என்பது இசைத்தட்டில்தான் தெளிவாகத் தெரிகிறது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஒலிநாடா விஷயம். கதை வசனத் தொகுப்பில் படத்தின் ஒலி அப்படியே வந்துவிடும். பிராட்வே நடிகர்களின் பாடல் பதிவு வேறு வகை. இரண்டரை மணி நேர நாடகத்தை ஒரு இசைத்தட்டின் இரண்டு பக்கங்களுக்குள் அடக்க வேண்டும், அதனால் வசனம் பெரும்பாலும் போய்விடும். நாடகம் தொடங்கிய கையோடு, பெரும்பாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை, மேடைக்கு விடுமுறையான அந்த நாளில், நடிகர்களும் வாத்தியக்காரர்களும் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போவார்கள். காலையில் தொடங்கினால் ராத்திரிக்குள் எல்லாப் பாட்டையும் முடித்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். அவர்கள் பாட்டைப் படித்துப் பாடுகிறவர்கள் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் அதைப் பாடிக்கொண்டே நடந்து, ஆடி, கைதட்டு வாங்கியவர்கள். அந்த உடம்பு குரலில் கேட்கும். ஆனால் கதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் அது முழுசாகப் பிடிபடும். உங்களுக்கு விட்டுப்போனது அதுதான்.

சரி, கதை இது. மெட்ரோபொலிஸ் நகரம், டெய்லி பிளானட் நாளிதழ். க்ளார்க் கென்ட் என்ற பயந்த சுபாவமுள்ள நிருபர், அவரே சூப்பர்மேன். லோயிஸ் லேன் சூப்பர்மேனைக் காதலிக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் க்ளார்க்கைக் கண்டுகொள்வதில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதிதாக வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் ஆப்னர் செட்ஜ்விக், பத்து முறை நோபல் பரிசு கைநழுவிப்போன விஞ்ஞானி. உலகம் தன்னை மதிக்கவில்லை, அதனால் உலகம் கொண்டாடும் மனிதனை ஒழித்துக்கட்டுவேன் என்று கிளம்புகிறார். இன்னொருவர் மேக்ஸ் மென்கன், அதே பத்திரிகையில் கிசுகிசுப் பத்தி எழுதுகிறவர். ஊரில் எல்லோரும் சூப்பர்மேனைப் பற்றியே பேசுகிறார்களே, தன்னைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறார்களே என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு.

முதலில் இறங்குகிறவர் செட்ஜ்விக், பிறகு மேக்ஸும் அவரோடு கூட்டுச் சேர்கிறார். சூப்பர்மேனை வீழ்த்த செட்ஜ்விக் அவர் பலத்தைப் பறிக்கும் கிரிப்டோனைட் கல்லைத் தேடிப் போகவில்லை. சூப்பர்மேனுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கிறார். அவர் விழா மேடையில் மாலை மரியாதையோடு நிற்கும் நேரத்தில் நகர மண்டபத்துக்குக் குண்டு வைக்கிறார் செட்ஜ்விக். ஊர் வெடிக்கும்போது இவர் பாராட்டு வாங்கிக்கொண்டு நின்றாரே என்று ஜனங்கள் திரும்பிவிடுகிறார்கள். அப்புறம் செட்ஜ்விக் ஒரு மனநல மருத்துவர் மாதிரி அவரை உட்காரவைத்து, நீ நல்லது செய்வதே நாலு பேர் உன்னைப் புகழவேண்டும் என்பதற்காகத்தானே என்று கேட்கிறார். சுடரையும் குண்டையும் தாங்குகிறவர் அந்த ஒரு கேள்வியில் உட்கார்ந்துவிடுகிறார். 1966-இல் ஒரு சித்திரக்கதை நாயகனை வைத்து இதை எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எழுதியவர்கள் டேவிட் நியூமனும் ராபர்ட் பென்டனும். இசை சார்ல்ஸ் ஸ்ட்ரௌஸ், பாடல்கள் லீ ஆடம்ஸ். 'பை பை பேர்டி' நாடகத்தில் ஏற்கனவே பேர் வாங்கிய ஜோடி. தயாரித்து இயக்கியவர் ஹரால்ட் பிரின்ஸ். நாடகத்தின் முழுப் பெயர் 'இட்ஸ் எ பேர்ட், இட்ஸ் எ பிளேன், இட்ஸ் சூப்பர்மேன்'. 1966 மார்ச் 29 அன்று நியூயார்க்கின் ஆல்வின் அரங்கில் தொடங்கி ஜூலை 17-இல் முடிந்தது. இசைத்தட்டை வெளியிட்டது கொலம்பியா நிறுவனம்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். முதல் பாட்டு 'டூயிங் குட்'. ஒரு சாகசத்தை முடித்துவிட்டு உடை மாற்றிக்கொள்ளும் சூப்பர்மேன் பாடுவது. நாள் முழுக்க வேலை பார்த்தவர் சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டுவதுபோல மேலங்கியை மாட்டிவிட்டு, இன்றைக்குக் கொலை, கொள்ளை எல்லாவற்றையும் தடுத்தாயிற்று, நல்லது செய்வதில் என்ன நிம்மதி என்று பாடுகிறார். வரிகளில் நகைச்சுவை இருக்கிறது. பாடும் பாப் ஹாலிடேயின் கனத்த குரலில் துளி கேலி இல்லை. கண்ணடிக்காமல், நீட்டி முழக்காமல், தேவாலயத்தில் பாடுகிற மாதிரி நேராகப் பாடுகிறார். அந்தப் பாட்டின் சிரிப்பும் அழகும் அந்த நேர்மையில் இருந்துதான் வருகின்றன. அவர் ஒரு இடத்தில் குரலைச் சுழித்து 'பாருங்கள், நானும் இதை நம்பவில்லை' என்று காட்டியிருந்தால் நாடகமே கலைந்திருக்கும். இரண்டாம் பாதியில் 'தி ஸ்ட்ராங்கஸ்ட் மேன் இன் தி வேர்ல்ட்' வருகிறது. உலகிலேயே பலசாலியான நான் ஏன் இப்படித் துயரப்படவேண்டும் என்று ஊர் கைவிட்டபிறகு பாடுகிறார். முதல் பாட்டில் அவர் கிண்டல் செய்யாததால்தான் இந்தப் பாட்டை நாம் நம்புகிறோம்.

ஆனால் கவனியுங்கள், நாடகத்தின் மிகச் சுவையான பாட்டுகள் சூப்பர்மேனிடம் இல்லை. அவரைச் சுற்றி இருக்கிறவர்களிடம் இருக்கின்றன. விளம்பரத்தில் முதலில் வந்த பெயரே மேக்ஸாக நடித்த ஜாக் காசிடியுடையதுதான். 'ஷி லவ்ஸ் மீ' நாடகத்துக்காக, பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதை வாங்கிய நடிகர். தன் மேல் தனக்குள்ள காதல் ஒவ்வொரு எழுத்திலும் கேட்கும்படி பாடுவார். 'சோ லாங், பிக் கை' பாட்டில் சூப்பர்மேனுக்கு வழியனுப்புவிழா நடத்துகிறார். அந்தச் சந்தோஷத்தைக் கேளுங்கள். நம்மைவிட நல்லவன் ஒருவன் விழும்போது மனதின் ஒரு மூலையில் எழும் அந்தச் சின்ன சந்தோஷம். பிறகு அவரும் செட்ஜ்விக்காக நடித்த மைக்கேல் ஓ'சல்லிவனும் சேர்ந்து பாடும் 'யூ'வ் காட் வாட் ஐ நீட்'. இரண்டு பொறாமைக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்ட ஆனந்தத்தைப் பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த பழைய கால வோடவில் மேடையின் இரட்டையர் ஆட்டம்போல அமைத்திருக்கிறார் ஸ்ட்ரௌஸ். ஒரு காதல் பாட்டில் இருக்கவேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம். மேடையில் பார்த்தவர்களின் கண், கம்பியில் பறக்கும் சூப்பர்மேன் மேலேயே இருந்திருக்கும். சித்திரக்கதைக் கட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஆளை நிறுத்தி ஒரு காட்சியே அமைத்திருந்தார்கள். அதெல்லாம் நமக்கு இல்லாமல் போனது நஷ்டம்தான். ஆனால் பறப்பதும் கட்டங்களும் விலகியபின் மிஞ்சுவது, ஒரு நல்ல மனிதனின் பக்கத்தில் வாழ நேர்ந்தவர்களின் குரல்கள். ஒருத்திக்கு ஏக்கம், ஒருவருக்கு வன்மம், ஒருவருக்கு வயிற்றெரிச்சல். சூப்பர்மேன் அவர்கள் எல்லோரையும் அளக்கும் ஒரு கோல். கண்ணுக்கு வேலையில்லாத இசைத்தட்டில் இது சட்டென்று விளங்கிவிடுகிறது.

'யூ'வ் காட் பாஸிபிலிடீஸ்' பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மேக்ஸின் உதவியாளர் சிட்னி, க்ளார்க்கைப் பார்த்துப் பாடுவது. உன்னிடம் ஏதோ இருக்கிறது, கொஞ்சம் தட்டிக்கொட்டினால் தேறிவிடுவாய் என்று மெல்ல மெல்ல நெருங்குகிறாள், அவன் சட்டைப் பொத்தானில் கை வைக்கிறாள். உள்ளே நீலமும் சிவப்புமாக அந்த உடை இருக்கிறது. மேடையில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் இடம். இசைத்தட்டில் சட்டையும் இல்லை, பொத்தானும் இல்லை. லிண்டா லாவினின் குரல் மட்டும். அவர் அப்போது அதிகம் அறியப்படாத நடிகை. தொடக்கத்தில் ஏதோ கணக்குப் பார்க்கிற மாதிரி, அக்கறையில்லாத தொனியில் ஆரம்பிக்கிறார். வரிக்கு வரி குரலில் சூடு ஏறுகிறது. பின்னால் எடி சாட்டரின் வாத்திய அமைப்பு. பெனி குட்மன் குழுவுக்கு எழுதிய, ஸ்டான் கெட்ஸோடு வேலை செய்த ஜாஸ் கலைஞர் அவர். பித்தளை வாத்தியங்களை அடக்கிவைத்திருந்து சரியான இடத்தில் அவிழ்த்துவிடுகிறார். அதே ஆண்டு பாடகி பெகி லீ இந்தப் பாட்டைத் தனியாகப் பாடிப் பதிவு செய்தார், அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் பெகி லீ பாடும்போது அது ஒரு மயக்குகிற பெண்ணின் பாட்டு. லாவின் பாடும்போது ஒரு அலுவலகம், ஒரு மேசை, சங்கடத்தில் நெளியும் ஒரு ஆள் எல்லாம் தெரிகிறார்கள். நாடகப் பாட்டை நாடக நடிகர் பாடுவதன் வித்தியாசம் இது.

குறைகளும் இருக்கின்றன. சீன வித்தைக்காரர்களின் குழுவை வில்லன்களாக்கியிருக்கும் விதம் அந்தக் காலத்தின் கேலிச்சித்திரம், இன்று கேட்கக் கூசுகிறது. லோயிஸ் ஒரு நிருபர் என்பது அவளுடைய பாட்டுகளில் எங்கேயும் வருவதில்லை. ஏங்குவது மட்டுமே அவள் வேலை. லோயிஸாக நடித்த பட்ரிஷியா மராண்டின் குரல் அத்தனை தெளிவாக இருந்தும் அந்தப் பாட்டுகள் மனதில் நிற்காததற்குக் காரணம் அதுதான்.

மக்கள் கைவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். விமர்சகர்கள் கைவிடவில்லை. நியூயார்க் டைம்ஸில் நல்ல விமர்சனம்தான் வந்தது. மூன்று நடிகர்கள் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஆனால் அந்த ஜனவரியில்தான் ஏபிசி தொலைக்காட்சியில் பேட்மேன் தொடர் தொடங்கியிருந்தது. வாரத்துக்கு இரண்டு ராத்திரி, அடி விழும்போது திரையில் தெறிக்கும் 'பவ்', 'ஸாக்' எழுத்துகளோடு, வீட்டிலேயே இலவசமாக. மேலங்கி போட்ட நாயகன் என்றால் கிண்டல் என்று அமெரிக்கா முழுக்கத் தீர்மானமாகிவிட்டது. சூப்பர்மேனைக் கிண்டல் செய்யாத ஒரு நாடகத்துக்கு அதைவிட மோசமான நேரம் வாய்த்திருக்க முடியாது. பெரியவர்கள் குழந்தைகள் நாடகம் என்று நினைத்தார்கள், குழந்தைகளுக்கோ வீட்டில் பேட்மேன் இருந்தார். பாட்டுகளின் தரத்துக்கும் 129 என்ற எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

பிராட்வேயில் இது புதிதும் அல்ல. இசையமைப்பாளர் ஸ்டீஃபன் சோன்ட்ஹைமின் 'எனிஒன் கேன் விஸில்' 1964-இல் ஒன்பது காட்சிகளோடு நின்றது. நின்றபிறகும் கொலம்பியா அதைப் பதிவு செய்தது. ஹரால்ட் பிரின்ஸே இயக்கிய 'மெரிலி வி ரோல் அலாங்' 1981-இல் 16 காட்சிகள். மூடிய மறுநாள் நடிகர்கள் ஒலிப்பதிவுக்குப் போனார்கள். அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு அடுத்தடுத்த தலைமுறை நாடகக்காரர்கள் அதைத் திரும்பத் திரும்ப மேடையேற்றினார்கள். கடைசியில் 2023-இல் பிராட்வேக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதையும் வாங்கியது. தட்டு இல்லாதிருந்தால் அந்த நாடகத்தைப் பற்றி 16 என்ற எண் மட்டும்தான் நமக்குத் தெரிந்திருக்கும்.

நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2011-இல் வந்த ஸ்பைடர்மேன் இசைநாடகம் ஆயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடியது. அதன் ஆல்பத்தில் யூ2 ராக் குழுவின் போனோவும் எட்ஜும்கூடப் பாடியிருக்கிறார்கள். கேட்டால் ஒரு ராக் ஆல்பமாகவே இருக்கிறது. யார் யாரிடம் எதற்காகப் பாடுகிறார் என்று தெரிவதில்லை. அதிக நாள் ஓடிய நாடகம் நினைவில் நிற்கவேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை.

சூப்பர்மேன் நாடகத்தின் ஆட்கள் எங்கும் காணாமல் போய்விடவில்லை. பிரின்ஸ் அதே ஆண்டு நவம்பரில் 'கேபரே'யைக் கொண்டுவந்தார். ஸ்ட்ரௌஸ் 1977-இல் 'ஆனி'க்கு இசையமைத்தார். நியூமனும் பென்டனும் 'பானி அண்ட் க்ளைட்' படத்தை எழுதிவிட்டு, 1978-இல் வந்த சூப்பர்மேன் படத்தின் திரைக்கதையிலும் பங்கெடுத்தார்கள். சுற்றியிருப்பவர்கள் எத்தனை கோமாளித்தனம் செய்தாலும் நடுவில் நிற்பவன் உண்மையாக இருக்கவேண்டும் என்ற அந்தப் படத்தின் பிடிமானத்தை அவர்கள் இந்த மேடையிலேயே பழகிவிட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

1975-இல் ஏபிசி தொலைக்காட்சி இதை எடுத்தது. அதைத் தேடிப் பார்க்காதீர்கள், குறைந்தபட்சம் இப்போதைக்கு. தட்டில் இருக்கும் மரியாதை அதில் இல்லை. நியூயார்க் சிட்டி சென்டரில் 'என்கோர்ஸ்' குழுவினர் 2013 மார்ச்சில் சில நாட்கள் மறுபடி மேடையேற்றினார்கள். வரவேற்பு நன்றாகவே இருந்தது.

இந்த முறை பாட்டுகளை வரிசை மாற்றாமல், விளம்பரம் குறுக்கிடாமல் ஒரே மூச்சில் கேளுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. முக்கியமாக செட்ஜ்விக்கின் 'ரிவெஞ்ச்' பாட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கைவிட்டுப்போன பரிசை நினைத்து ஓ'சல்லிவன் அதில் குமுறுவதைக் கேட்டுவிட்டு, அந்த ஆள்மேல் உங்களுக்குக் கோபம் வந்ததா, பரிதாபம் வந்ததா என்று எழுதுங்கள். எனக்கு இரண்டாவதுதான்.

அன்புடன்