சட்டம் படிக்காத முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் டெக்சாஸில் எப்படி நீதிபதி ஆனார்?

எட் எம்மெட்டைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) அவர் வகித்தது 'கவுண்டி ஜட்ஜ்' பதவி. பெரிய கவுண்டிகளில் இந்த ஜட்ஜ் வழக்கு விசாரிப்பதில்லை. நான்கு ஆணையர்களோடு சேர்ந்து பட்ஜெட், சாலை, வெள்ளத்தடுப்பு போன்றவற்றை முடிவு செய்வார். பேரிடர் வந்தால் மீட்புப் பணிக்கும் அவர்தான் தலைவர். நம் ஊர்க் கணக்கில் மாவட்ட ஆட்சியர் வேலையில் பாதி, ஆனால் தேர்தலில் ஜெயித்து வர வேண்டும். சட்டப் பட்டம் கட்டாயம் இல்லை.

எம்மெட் குடியரசுக் கட்சிக்காரர். 1979 முதல் 1987 வரை மாநிலப் பிரதிநிதிகள் அவையில் இருந்தார். 2007இல் அப்போதைய கவுண்டி ஜட்ஜ் ராபர்ட் எக்கெல்ஸ் பதவி விலகியதும், அந்த இடத்துக்கு இவரை நியமித்தார்கள். 2008 செப்டம்பரில் ஐக் புயல் அடித்தது. அதை இவர் கையாண்ட விதம் ஊர் முழுக்கப் பேசப்பட்டது. மீதிக் காலத்துக்கு நடந்த நவம்பர் தேர்தலில் வென்றார். 2010, 2014 தேர்தல்களிலும் வெற்றிதான்.

2018இல்தான் அதிர்ச்சி. முந்தைய ஆண்டு ஹார்வி புயல் வெள்ளத்தின்போது கட்சி பார்க்காமல் பாராட்டப்பட்டவர், அதுவரை தேர்தலிலேயே நிற்காத 27 வயது ஜனநாயகக் கட்சி வேட்பாளர் லினா ஹிடால்கோவிடம் 2 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். அப்போது ஒரே குறியில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்கலாம். ஜனநாயகக் கட்சி அலையில் அதுவே இவரைச் சாய்த்தது என்பது என் கருத்து. 2020 தேர்தலிலிருந்து டெக்சாஸில் அந்த முறை கிடையாது.