சுரண்டிப் பார்த்தும் கிருமி தெரியவில்லை: கண்ணில் பயொப்சி செய்யலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 51 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். ஐந்து கிழமைக்கு முன் கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) பொறுக்கும்போது ஒரு குச்சி இடது கண்ணில் குத்திவிட்டது. கண் சிவந்து, கருவிழியில் வெள்ளை விழுந்தது. வாட்டில் இரண்டு தடவை கண்ணைச் சுரண்டிச் சோதித்தும் கிருமி தெரியவில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மருந்து விட்டும் வெள்ளை பெரிதாகிறது. இப்போது சதை எடுத்துப் பயொப்சி செய்ய வேண்டும் என்கிறார்கள். லயத்தில் சிலர் இது புற்றுநோய் என்கிறார்கள், சிலர் கை வைத்தால் கண் போய்விடும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: தம்பி, சம்மதியுங்கள். நாளைக் கடத்தாதீர்கள். அம்மாவுக்கு இதைச் செய்வது புற்றுநோயைத் தேடுவதற்காக இல்லை, அந்த வெள்ளைக்குள் எந்தக் கிருமி இருக்கிறது என்று பிடிப்பதற்காக.

கருவிழியின் முன்னுள்ள கண்ணாடிப் படலத்தை, அதாவது கோர்னியாவை, எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். சுரண்டும்போது மேல்தட்டில் உள்ளது மட்டுமே கத்தியில் வரும். குச்சி, இலை, மண் வழியாக வரும் பியுசேரியம், அஸ்பெர்ஜிலஸ் போன்ற பங்கசு (பூஞ்சணம்) நூல் நூலாக ஆழத்துக்கு இறங்கிவிடும். மேல்தோல் அதற்கு மேலே மூடிக்கொள்ளவும் கூடும். ஏற்கெனவே விட்ட மருந்தும் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்வதைத் தடுக்கும். ஆகவே, இரண்டு தடவை சுரண்டியும் தெரியவில்லை என்பதை வைத்துக் கிருமி இல்லை என்று யாரும் முடிவு கட்டக்கூடாது.

சந்தேகப்பட வேண்டியது பங்கசை மட்டுமல்ல. பீலித் தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர், மெதுவாக வளரும் நொகார்டியா என்ற பற்றீரியா, காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு பற்றீரியாக்கள் எல்லாம் இப்படி வெள்ளை விழச் செய்யும். மருந்தோ ஒவ்வொன்றுக்கும் வேறு. பங்கசு நூல்களுக்கு 5 வீத நற்றாமைசின், அகந்தமீபாவுக்கு 0.02 வீத குளோர்ஹெக்சிடின் அல்லது பிஎச்எம்பி என்ற துளிமருந்து, நொகார்டியாவுக்கு அமிகாசின். எது என்று தெரியாமல் மாற்றி மாற்றி விட்டால் கிருமிக்குத்தான் நாட்கள் கிடைக்கும்.

பயொப்சியைத் தியேட்டரில், நுணுக்குக்காட்டியின் கீழ் செய்வார்கள். கண்ணுக்கு விறைப்பு மருந்து விடுவார்கள், தேவைப்பட்டால் கண்ணைச் சுற்றி ஊசியும் போடுவார்கள். 2 முதல் 3 மில்லிமீற்றர் அகலமுள்ள வட்டக் கத்தியால் தடிப்பின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி ஆழம் வரைக்கும் மட்டும் வெட்டி, ஓரத்தை இடுக்கியால் தூக்கி, தட்டையான சிறு கத்தியால் அடியைச் சீவி எடுப்பார்கள். எடுக்கும் இடம் முக்கியம். வெள்ளையின் நடுப்பகுதி செத்த சதை, அங்கே உயிருள்ள கிருமி குறைவு. மெலிந்தும் இருப்பதால் ஓட்டை விழும் பயமும் உண்டு. கிருமி பரவிக்கொண்டிருப்பது ஓரத்தில். அதனால் ஓரத்தில், முடிந்தவரை கண்மணிக்கு நேரே வராத இடத்தில் எடுப்பார்கள். கிருமி ஆழத்தில் சீழ்க்கட்டியாக இருந்து, மேலே தெளிவாக இருந்தால், பட்டுநூலைக் கட்டியின் ஊடாகக் கோத்து இழுத்து, அந்த நூலையே ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் முறையும் உண்டு.

பயொப்சி வீணாவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். எடுத்த துண்டை இரண்டாக்க வேண்டும். ஒரு பாதி, சதை கெடாமல் வைக்கும் போமலின் திரவத்தில் போய், சாயம் பூசிப் பார்க்கப்படும். மறுபாதி கிருமியை வளர்ப்பதற்கு. அதில் போமலின் படவே கூடாது. போமலின் கிருமியைக் கொன்றுவிடும், முழுத் துண்டையும் அதில் போட்டுவிட்டால் எதுவும் வளராது. அகந்தமீபாவை வளர்க்க ஈகோலை பற்றீரியா பூசிய தனி ஏகார் தட்டு வேண்டும், கேட்காவிட்டால் ஆய்வுகூடம் அதை வைக்காமல் விடலாம். எனவே குச்சி குத்தியது, பீலித் தண்ணீரில் கண் கழுவியிருந்தால் அது, இதுவரை விட்ட எல்லா மருந்துகளும் விண்ணப்பப் படிவத்தில் இருக்கட்டும். ஒரு தாளில் எழுதி டொக்டரிடம் கொடுங்கள். மருந்துப் போத்தல்களையும், பார்மசியில் தாமாக வாங்கியது உட்பட, கையோடு கொண்டுபோங்கள். டெக்சாமெதசோன், பெற்றாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் கலந்த துளி ஏதாவது விட்டிருந்தால் மறைக்க வேண்டாம். ஸ்டீரொயிட் சிவப்பைக் குறைத்துக் காட்டிவிட்டு, பங்கசை உள்ளே வளரவிடும். தாய்ப்பாலும் இலைச்சாறும் கண்ணில் படவே கூடாது.

ஆய்வுகூடத்தில் கிருமி வளர வாய்ப்புக் கூடும் என்பதால் பயொப்சிக்கு முன் 24 மணித்தியாலம் மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடும். டொக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், வோபரின் குடிப்பவர் என்றாலும், சீனி வியாதி இருந்தாலும் முன்னரே சொல்லுங்கள்.

சாயம் பூசிய முடிவு சில நாட்களில் வரும். பங்கசு பெரும்பாலும் சில நாட்களில் முளைத்தாலும், இல்லை என்று சொல்ல இரண்டு, மூன்று கிழமை காக்க வேண்டும். காசநோய் இனக் கிருமி என்றால் ஆறு, எட்டுக் கிழமைகூட ஆகும். முதல் தாளில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். பயொப்சியிலும் சில வேளை கிருமி அகப்படாமல் போகும், திரும்ப எடுக்க நேரலாம்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். எடுத்த இடத்தில் தழும்பு விழும், பார்வை கொஞ்சம் கோணலாகலாம். அரிதாக ஓட்டை விழுந்தால் பசையும் மேலே கொண்டாக்ட் லென்சும் வைத்து மூடுவார்கள். படலம் ஏற்கெனவே மிக மெலிந்திருந்தால் பயொப்சி செய்யாமல் நேரே கோர்னியா மாற்றுவதே நல்லது. வெட்டியெடுத்த பழைய படலமும் சோதனைக்குப் போகும். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய நம் இலங்கைக் கண்தான சங்கம் வெளிநாடுகளுக்கும் கோர்னியா அனுப்புகிறது. அதனால் மாற்றுக் கோர்னியா கிடைக்காதோ என்று முதலிலேயே பயப்பட வேண்டாம்.

வீட்டில் இருக்கும்போது கண்ணிலிருந்து திடீரென்று சூடாகத் தண்ணீர் கொட்டினாலோ, பார்வை சட்டென்று மங்கினாலோ ஓட்டை விழுந்திருக்கலாம். கண்ணைக் கசக்கவும் அழுத்தவும் வேண்டாம், கண்ணில் படாமல் கடினமான மூடியொன்றை மேலே ஒட்டி, கிளினிக் திகதி வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து உடனே கண் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உடனே சத்திரசிகிச்சை தேவைப்படலாம், வழியில் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம்.