தேங்காய் காட்டிய இடத்தில் கிணறு போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு சிலாங்கூர் மாநிலத்தில் பந்திங் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அடிக்கடி தண்ணீர் நின்றுபோவதால் வீட்டுக்குப் பின்னால் குழாய்க் கிணறு போடலாம் என்கிறார் என் கணவர். பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, கழிவுத் தொட்டியிலிருந்து 20 அடியில் ஓர் இடத்தைக் காட்டி, 60 அடி தோண்டினால் போதும் என்கிறார். நம்பலாமா?
- வாசகி, பந்திங்

பதில்: அம்மா, தண்ணீர் வருமா வராதா என்பதைவிட அந்த 20 அடிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தொட்டியிலிருந்து 100 அடியாவது தள்ளிப் போடுங்கள், அவ்வளவு இடம் இல்லையென்றால் கிணற்றை விட்டுவிட்டுப் பெரிய நீர்த்தொட்டி ஒன்று வாங்கி வைப்பதே மேல்.

உங்கள் பந்திங் இருக்கும் லங்காட் ஆற்றுச் சமவெளியில் மேலே களிமண், அதற்குக் கீழேதான் தண்ணீர் நிற்கும் மணலும் சரளையும்; கடலை நோக்கிப் போகப் போகக் களிமண் தடித்துக்கொண்டே போகும். ஆழத்தைத் தேங்காய் சொல்லாது, அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே போட்ட கிணறுகள் சொல்லும். அவர்களிடமே தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்றும் கேளுங்கள், கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே வந்துவிடும்.

அப்புறம், தோண்டிய துளைக்கும் அதில் இறக்கும் குழாய்க்கும் இடையே இருக்கும் இடைவெளியை மேல்பகுதியில் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முற்றத்து அழுக்கு, மழைத்தண்ணீர் எல்லாம் குழாயை ஒட்டியே கீழே இறங்கிவிடும். முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அதனால் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அடைக்கும்போது யாராவது பக்கத்தில் நில்லுங்கள்.

தண்ணீர் தெளிவாக வந்து, வாளியில் வைத்த கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சளாக மாறினால் அது இரும்பு. காற்றுப் படவிட்டு மணலில் வடிகட்டினால் பெரும்பாலும் குறையும். தோட்டத்து உரத்திலிருந்து வரக்கூடிய நைட்ரேட் அப்படியில்லை, நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பரிசோதிக்காத தண்ணீரில் பால்மாவு கலக்கவே கூடாது.

சிலாங்கூரில் நீர்வளத்துக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, தோண்டும் முன்பே லுவாஸ் (சிலாங்கூர் நீர் மேலாண்மை வாரியம்) அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கிணறு முடிந்ததும் குளோரின் போட்டுக் கழுவி, அந்த வாசனை முழுக்கப் போகும்வரை இறைத்த பிறகுதான் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும். கிருமி, இரும்பு, உப்பு, நைட்ரேட் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அந்த முடிவு கைக்கு வந்த பிறகு கொடுப்பதாக இப்போதே பேசி வையுங்கள்.