வாசகர் கேள்வி - பதில்: நகர நடுவே ஒரு மாநாட்டு மையம்

சான் பிரான்சிஸ்கோ நகரின் மாஸ்கோனி மாநாட்டு மையத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: ஊருக்கு வெளியே மலிவான நிலம் கிடைக்கும்போது, இவ்வளவு பெரிய கட்டடத்தை நெரிசல் மிகுந்த நகர நடுவில் ஏன் கட்டுகிறார்கள்?

பதில்: மாநாட்டுக்கு வருபவர் பகலில் அரங்கில் இருந்தாலும், காலையும் இரவும் அவர் செலவழிக்கும் பணத்தை நம்பியே நகரங்கள் இத்தகைய மையங்களைக் கட்டுகின்றன. அந்தப் பணம் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் கடைகளுக்கும் போய்ச் சேர வேண்டுமானால், அவை நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும். சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் 1960இல் நகர மையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. அளவில் அமெரிக்காவிலேயே முதலிடம் அதற்குத்தான் என்றாலும், பேராளர்களைப் பேருந்துகளில் ஏற்றி இறக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. பிற்காலத்தில் அதன் பக்கத்திலேயே ஹோட்டல்களையும் கட்ட வேண்டியதாயிற்று. சியாட்டில் நகரமோ, நடுவில் காலி நிலம் இல்லாத நிலையில், நெடுஞ்சாலைக்கு மேலேயே தன் மையத்தை அமைத்து 1988இல் திறந்தது.

கேள்வி: மாஸ்கோனி மையத்தின் அரங்குகள் நிலத்துக்கடியில் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது தேவையா?

பதில்: கண்காட்சி அரங்கு என்பது இயல்பாகவே சன்னல் இல்லாத, தூண்கள் குறைந்த ஒரு மாபெரும் பெட்டி. அதைத் தரைமேல் வைத்தால் சில தெருக்களின் நீளத்துக்கு வெற்றுச் சுவர்தான் எழும். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் அந்தச் சுவரோரம் மனித நடமாட்டமே இராது. இதை உணர்ந்த மேயரின் குழு 1976இல் அரங்கைப் பூமிக்கடியில் அமைத்து, மேலே தோட்டம் போடலாம் என்று பரிந்துரைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் நகர வாக்காளர்களும் அதற்கு இசைந்தனர். 1981இல் திறக்கப்பட்ட முதல் அரங்கின் கூரையைத் தூண்களின்றித் தாங்குவதற்காக, பொறியாளர் டி. ஒய். லின்னின் நிறுவனம், உள்ளே எஃகு வடங்களை இழுத்து இறுக்கிய கான்கிரீட் வளைவுகளை இணை இணையாக அமைத்தது. ஒவ்வொன்றும் சுமார் 275 அடி அகலத்தை ஒரே தாவலில் கடக்கிறது. அடித்தளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், கூரையின் சுமையோடு, கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும் நீரின் அழுத்தத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. அங்கே ஊறும் நீரை வீணாக்காமல் சுத்திகரித்து, கழிப்பறைகளுக்கும் தோட்டத்துக்கும் தெருக் கழுவும் வண்டிகளுக்கும் பயன்படுத்தும் ஏற்பாடு, 2019இல் முடிந்த விரிவாக்கத்தின்போது செய்யப்பட்டது.

மேலே 1993இல் எர்பா புவெனா தோட்டம் திறக்கப்பட்டது. 1998இல் சிறுவர் பகுதியும் சேர்ந்தது. பனிச்சறுக்குத் திடலும் 1906ஆம் ஆண்டின் மரக்குதிரை ராட்டினமும் அங்கே இருக்கின்றன. ஆனால் முழுவதும் புதைந்த கட்டடம் என்று சொல்வது பாதி உண்மைதான். பிற்கால விரிவாக்கங்கள் ஹோவர்டு தெருவின் இருபுறமும் கண்ணாடிச் சுவர்களாக உயர்ந்து நிற்கின்றன. 2003இல் திறந்த மேற்குக் கட்டடம் முழுக்கவே தரைமேல் உள்ளது.

கேள்வி: கட்டுவதற்கு முன்பு அந்த இடத்தில் யார் இருந்தார்கள்?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி, இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். சவுத் ஆஃப் மார்க்கெட் எனப்படும் அந்தப் பகுதியில், மாத வாடகைக்குச் சிறு அறை தரும் மலிவான விடுதிகளில் முதியவர்கள் பலர் வாழ்ந்துவந்தனர். கப்பலிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்வு பெற்று, குடும்பமின்றித் தனித்திருந்த ஆண்கள் அவர்களுள் மிகுதி. நகர மறுசீரமைப்பு முகமை இவ்விடத்தைச் சீர்கெட்ட பகுதி என்று அறிவித்து, மத்திய அரசின் நிதியோடு விடுதிகளை இடிக்கத் தொடங்கியது. மாற்று இடம் என்று அவர்களுக்குக் காட்டப்பட்டவை போதுமானவையாக இல்லை.

1969இல் குடியிருப்போர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். வாழ்நாள் முழுவதும் தொழிற்சங்கத்தில் பழகியவர்கள் ஆதலால், கூட்டம் நடத்தவும் வழக்காடவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முகமை இதை எதிர்பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. 1970இல் கூட்டாட்சி நீதிமன்றம், தகுந்த மாற்று வீடுகள் உறுதியாகும்வரை மத்திய நிதியை நிறுத்திவைத்தது. 1973இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான வீடுகளை அதே பகுதியில் கட்ட வழி பிறந்தது. அதற்கு ஹோட்டல் வரியிலிருந்து பணம் ஒதுக்கப்பட்டது. சங்கத்தின் முதல் தலைவர் ஜார்ஜ் வூல்ஃபின் பெயர் தாங்கிய முதல் குடியிருப்பு 1979இல், அதாவது மாநாட்டு மையத்துக்கு முன்பாகவே, திறக்கப்பட்டது. இருந்தும், இடிப்பில் வெளியேறியவர்கள் அனைவரும் திரும்பி வந்துவிடவில்லை.

மையத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் மாஸ்கோனி, 1960களில் நகர அவை உறுப்பினராக இருந்தபோது, ஏழை முதியவர்களை வெளியேற்றும் என்று கூறி இந்த மறுசீரமைப்பை எதிர்த்தவர். பின்னர் மேயரானபோது நிலத்தடித் திட்டத்தை ஏற்றார். 1978 நவம்பர் 27 அன்று நகர மாளிகையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கேள்வி: ஐபோன் அங்கேதான் அறிமுகமானதா?

பதில்: ஆம். 2007 ஜனவரி 9 அன்று, மேற்குக் கட்டடத்தில்.

கேள்வி: இத்தகைய மையம் லாபம் ஈட்டுமா? மக்கள் வரிப்பணம் அதில் முடங்குகிறதா?

பதில்: அரங்க வாடகையை மட்டும் பார்த்தால், அமெரிக்காவின் பெரும்பாலான மாநாட்டு மையங்கள் கட்டுமானக் கடனை அடைக்க மாட்டா. வெளியூரார் கட்டும் ஹோட்டல் வரியே துணை. சான் பிரான்சிஸ்கோவில் அது அறை வாடகையில் 14 விழுக்காடு. 2019இல் முடிந்த, சுமார் 55 கோடி டாலர் செலவான விரிவாக்கத்தில் பெரும்பகுதியை ஹோட்டல்களே தங்கள்மீது தனிக் கட்டணம் விதித்துக்கொண்டு ஏற்றன. ஆதாயம் யாருக்கோ அவர்களே செலவை ஏற்பது நியாயமான முறை என்பது என் கருத்து. ஆனால் மாநாடுகள் குறைந்தால் இந்த ஏற்பாட்டின் வரவும் கூடவே குறைந்துவிடும் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. அப்போது கூட்டங்கள் நின்றுபோய், மையத்தின் ஒரு பகுதி நகரின் நோய்த்தடுப்புக் கட்டளை நிலையமாயிற்று. 2021இல் அங்கேயே தடுப்பூசியும் போடப்பட்டது.

கேள்வி: அலுவல் மாநாட்டுக்காக முதன்முறை அங்கே செல்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பதில்: வடக்கு, தெற்கு, மேற்கு என்ற மூன்று கட்டடங்களில் உங்கள் பதிவு எதில் நடக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வடக்கும் தெற்கும் ஹோவர்டு தெருவின் அடியிலும், மேலே பாலங்களாலும் இணைந்திருக்கின்றன. மேற்குக் கட்டடம் நான்காம் தெருவுக்கு எதிர்ப்புறம் தனியே நிற்பதால், அமர்வுகளுக்கு இடையே தெருவைக் கடக்க நேரம் ஒதுக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து பார்ட் ரயிலில் வந்து பவல் தெரு நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். 2022இல் திறந்த சுரங்க ரயில் பாதையில் மையத்தின் பெயரிலேயே நிலையம் ஒன்று உண்டு.