பழைய கமடோரில் பிபிஎஸ் நடத்த எதை வாங்குவது?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். 1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-இல் ஒரு பிபிஎஸ், அதாவது அந்தக் காலத்து புல்லட்டின் போர்டு, நடத்த ஆசை. நண்பர்கள் டெல்நெட் (இணையத்தில் வெறும் எழுத்து போய்வரும் முறை) வழியாக உள்ளே வந்து செய்தி எழுதிப் போட வேண்டும், மற்றவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். தனிநபர் ஒருவர் அட்டைப்பெட்டி, பவர் சப்ளை, 1541 ஃப்ளாப்பி டிரைவ் எல்லாம் சேர்த்து 280 யூரோ கேட்கிறார். "சோதித்துப் பார்க்கவில்லை" என்று போட்டிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். "சோதிக்கவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: டிவியில் மாட்டிப் பார்த்தார், படம் வரவில்லை, அதைச் சொல்ல மனமில்லை. நல்ல நிலையில் உள்ள கமடோர் 64-ஐ ஆன் செய்தால் நீலத் திரையில் "38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ" என்று வரும். அந்தத் திரையின் படத்தைக் கேளுங்கள். டிரைவிலிருந்து ஒரு டிஸ்க்கின் பட்டியல் ஏறுவதை வீடியோவாகவும் கேளுங்கள். டிரைவ் கேபிளையும் பின்பக்கத்து யூசர் போர்ட்டையும் கவனிப்பது சிஐஏ எனப்படும் ஒரே சிப்தான். கமடோரை இணையத்தோடு சேர்க்கும் மோடத்தை யூசர் போர்ட்டில்தான் மாட்டப் போகிறீர்கள் என்பதால் அந்த சிப்பில் பாதிக்காவது உயிர் இருப்பது வீடியோவிலேயே தெரிந்துவிடும்.

சேகரிப்பவர் வாங்குவது வேறு, பிபிஎஸ் நடத்துபவர் வாங்குவது வேறு. சேகரிப்பவருக்கு மஞ்சளாகாத உறையும் அட்டைப்பெட்டியும் முக்கியம். உங்கள் இயந்திரமோ இரவும் பகலும் ஓட வேண்டியது. பெட்டிக்காக ஒரு யூரோகூட அதிகம் கொடுக்காதீர்கள். ஒலிக்கான சிட் சிப் செத்துப்போனதால் மலிவாக வரும் கமடோர் கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். விளையாட்டுப் பிரியர்கள் அதைத் தொடமாட்டார்கள், பிபிஎஸ்ஸுக்கு ஒலி எதற்கு?

மிச்சப்படும் பணத்தை முதலில் பவர் சப்ளையில் போடுங்கள். கமடோரோடு வந்த பழைய பவர் சப்ளைகளில் பல, உள்ளே பிசின் ஊற்றி மூடப்பட்டவை. பழுது பார்க்க வழியில்லை, சூடும் வெளியேறாது. அதிலுள்ள 5 வோல்ட் ரெகுலேட்டர் கெடும்போது மின்னழுத்தம் குறையாமல் ஏறும். முதலில் பலியாவது மெமரி சிப்கள். மல்டிமீட்டரில் இன்று சரியாகக் காட்டியது நாளை இரவு காட்டும் என்று நம்ப முடியாது. ஆர்வலர்கள் இன்று புதிதாகச் செய்து விற்கும் பவர் சப்ளையை வாங்குங்கள், பழையதை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அடுத்து டிரைவ். 1541-இன் ஒரு டிஸ்க் பக்கத்தில் 170 கேபி அடங்கும். செய்திகளுக்கு அது போதும், ஆனால் நாள் முழுக்க எழுதிப் படிக்கும் வேலையில் டிரைவும் டிஸ்க்கும் தேயும். எஸ்டி கார்டு மாட்டும் எஸ்டி2ஐஇசி மலிவு. ஆனால் அது 1541-ஐ அப்படியே நகலெடுப்பதில்லை, வேகமாக ஏற்றும் தந்திரம் செய்யும் நிரல்கள் பல அதில் தடுமாறும். நீங்கள் ஓட்டப்போகும் பிபிஎஸ் நிரலை ஏற்கெனவே அதில் ஓட்டுபவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கையில் காசு இருந்தால் அல்டிமேட் 2+ கார்ட்ரிட்ஜ் நல்லது. டிரைவ் வேலையையும் செய்யும், ஈதர்நெட் வழியாக மோடம்போலவும் நடிக்கும்.

அது அதிகம் என்றால் இஎஸ்பி8266 சிப் வைத்த வைஃபை மோடம் போதும். கமடோருக்கு அது தொலைபேசி லைன் காலத்து ஹேய்ஸ் மோடம்போலவே தெரியும். யூசர் போர்ட்டுக்கென்றே செய்ததை வாங்க வேண்டும். அங்கே ஓடுவது 5 வோல்ட். சாதாரண சீரியல் மோடத்தை இடையில் ஒரு மின்னழுத்த மாற்றி இல்லாமல் நேராக இணைத்தால் மேலே சொன்ன சிஐஏ சிப் போய்விடும். கமடோரின் சொந்த வேகம் 1200 பாட் வரை நம்பகமானது. நொடிக்குச் சுமார் 120 எழுத்து என்பதால் 40-க்கு 25 எழுத்துத் திரை நிரம்ப எட்டு நொடிக்கு மேல் ஆகும். எனக்கு அது பிடிக்கும், உங்கள் நண்பர்களுக்குப் பிடிக்குமா தெரியாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொடங்கிய முதல் பிபிஎஸ்ஸும் ஒற்றை லைனில்தான் ஓடியது.

காசு கொடுக்கும் முன் உங்கள் இணைய இணைப்பையும் பாருங்கள். ஜெர்மனியில் பல கேபிள் இணைப்புகள் டிஎஸ்-லைட் முறையில் வருகின்றன. உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி இருக்காது, வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்ட முடியாது. நிறுவனத்திடம் பொது முகவரி தரச் சொல்லிக் கேளுங்கள். கிடைத்தபின் டெல்நெட்டின் வழக்கமான 23-ஆம் போர்ட்டில் (இணைய வாசல் எண்) திறக்காதீர்கள். அதைத் துழாவிக்கொண்டே திரியும் நிரல்கள் உங்கள் ஒரே லைனை எப்போதும் பிடித்து வைத்திருக்கும். கமடோர்காரர்கள் பலர் 6400-இல் வைக்கிறார்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. தனிநபர் விற்பனையில் "பொறுப்பேற்க மாட்டேன்" என்று எழுதுவது செல்லும். ஆனால் தெரிந்த பழுதை மறைத்தாலோ, வேலை செய்கிறது என்று எழுதிவிட்டு வேலை செய்யாததைக் கொடுத்தாலோ அந்த வரி அவரைக் காப்பாற்றாது. ஆகவே பேச்சு முழுவதும் எழுத்தில் இருக்கட்டும். ஆன்லைனில் கடைக்காரரிடம் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பும் உரிமை உண்டு.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் கமடோர் 64 கொண்டுவருவதாகச் சொல்கிறார். சரிப்படுமா?

பதில்: சரிப்படும், ஆனால் அதன் பவர் சப்ளையை அங்கேயே விட்டுவரச் சொல்லுங்கள், அது அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டுக்கான புதியதை வாங்குங்கள். படம் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் வரும், அதை ஏற்கும் டிவி வேண்டும். இன்னொரு வேடிக்கை: கமடோரின் சிஐஏ சிப்பில் உள்ள கடிகாரம் மின்சாரத்தின் அலைவரிசையை எண்ணி ஓடுவது. இங்கே 50 ஹெர்ட்ஸ். நிரல் 60 என்று நினைத்துக்கொண்டிருந்தால் மணிக்குப் 10 நிமிடம் பின்தங்கும், செய்திகளின் நேரமெல்லாம் தப்பாக விழும். நிரலில் அதை மாற்றும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் வந்தால் நேரத்தை மறுபடி நீங்கள்தான் வைக்க வேண்டும், உள்ளே பேட்டரி கிடையாது.

கேள்வி: கமடோர் வேண்டாம், டாஸ் ஓடும் பழைய 386 பிசி வாங்கலாம் என்கிறான் தம்பி. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மூடியைத் திறந்து மதர்போர்டின் படம் அனுப்பச் சொல்லுங்கள். அதில் பெரும்பாலும் உருளை வடிவத்தில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும். அதைச் சுற்றிப் பச்சை படிந்திருந்தால் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிட்டது என்று பொருள். வாங்காதீர்கள். பச்சை இல்லையென்றால் வாங்கிய அன்றே பேட்டரியை வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள்.