பைலட் வாட்ச்: கேட்டதும் சொன்னதும்

பழைய வாட்ச் சேர்ப்பது எனக்கு முப்பது வருஷப் பைத்தியம். பின்மூடியைத் திறந்து மிஷின் பார்க்கவும் ஓரளவு தெரியும். சேலம், ஏற்காடு பக்கத்து நண்பர்கள் பைலட் வாட்ச் (விமானிகளுக்காகச் செய்த வாட்ச்), மற்ற பழைய வாட்ச் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, கறுப்பு டயல், பெரிய நம்பர்னா எல்லாமே பைலட் வாட்ச்தானுங்களா? (சூரமங்கலம்)

விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். 1940 வாக்கில் ஜெர்மன் விமானப்படைக்காகச் செய்த 'பி-ஊர்' வாட்சைப் பாருங்கள். லாங்கே, லாக்கோ, ஸ்டோவா, வெம்பே, ஐடபிள்யூசி என்று ஐந்து கம்பெனிகள் செய்தன. அகலம் 55 மி.மீ., நம்மூர் செட்டுக்கு வைக்கிற தட்டுவடை அளவு! தோல் ஜாக்கெட்டுக்கு மேலே கட்டுவார்கள், அதனால் பட்டை நீளம். கையுறையோடு திருக வேண்டும், அதனால் கிரவுன் (பக்கவாட்டில் சாவி கொடுக்கிற குமிழ்) வெங்காயம் மாதிரி பருத்திருக்கும். 12 இருக்கிற இடத்தில் நம்பர் கிடையாது. ஒரு முக்கோணமும் இரண்டு புள்ளியும்தான். இருட்டில் டயலின் தலைப்பக்கம் எது என்று சட்டென்று தெரிய வேண்டுமே. பார்த்த மாத்திரத்தில் மணி தெரியவில்லை என்றால், டயலில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் அது பைலட் வாட்ச் இல்லை என்பது என் கட்சி.

எச்எம்டி பைலட் ஒண்ணு ஆன்லைன்ல 2,500-க்கு வாங்கினேன். ஆரஞ்சு டயல், புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. லாபந்தானே? (ஆத்தூர்)

புதுசு மாதிரி இருப்பதுதான் சிக்கல், தம்பி. எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. 2016-இல் கம்பெனியை மூட அரசு முடிவெடுத்தது. அதற்குப் பிறகு பழசுக்குக் கிராக்கி ஏறியதும், கழித்துப்போட்ட மிஷினுக்குப் புது டயல் அச்சடித்து மாட்டுகிற வேலையும் பெருத்துவிட்டது. நாம் தேடுகிற பைலட் சாவி கொடுக்கிற வாட்ச், உள்ளே 17 ஜுவல் (உராய்வைக் குறைக்கிற சிறு கற்கள்), கறுப்பு டயலில் வெள்ளை எண்கள். உங்கள் ஆரஞ்சு டயலை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், நிமிஷக் கோடுகள் ஒரே சீராக இருக்காது. இனி வாங்கும்போது பின்மூடி திறந்த படம் கேளுங்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பல கை பட்ட சரக்கு. இதை ஓடுகிற வரைக்கும் கட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. சேகரிப்புப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.

எனக்கு மணிக்கட்டு ரொம்ப ஒல்லி. பைலட் வாட்ச் எல்லாமே ஆம்பளைங்க அளவா இருக்கே? (அஸ்தம்பட்டி)

இல்லைம்மா. பிரிட்டிஷ் விமானப்படைக்காக 1940-களின் கடைசியில் ஐடபிள்யூசி செய்த மார்க் 11 வாட்சே சுமார் 36 மி.மீ. தான். இப்போது வருவதில் 36, 37 தேடுங்கள். சீக்கோ (Seiko) கம்பெனியின் எஸ்என்கே809 அந்த அளவு, பழசாகக் கிடைக்கும். அதற்குச் சாவி கொடுக்க முடியாது, கையில் கட்டி ஆட்டினால்தான் ஓடும்.

கீறல் விழுந்த கேஸை எங்க பட்டறையிலயே பாலீஷ் போட்டுக்கலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

வேண்டாம் சாமி! நான் பட்ட பாடு இது. கொலுசுக்கு மெருகு போடுகிற ஒரு பட்டறையில் என் வாட்சைக் கொடுத்தேன். பஃப் சக்கரத்தில் பத்து விநாடிகூட வைத்திருக்க மாட்டார். பட்டை மாட்டுகிற காதின் கூர்மையான விளிம்பு சோப்பு மாதிரி உருண்டுபோய், முலாம் கிழிந்து உள்ளே பித்தளை மஞ்சளாகச் சிரித்தது. அவர்மேல் குற்றமில்லை, கொடுத்தவன் நான். பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் என்றால் மட்டும் துளி பற்பசை வைத்து மெல்லிய துணியால் தேயுங்கள், போய்விடும்.

துபாய்ல இருந்து மச்சான் நேவிடைமர் மாதிரி ஒண்ணு அனுப்பினார். வளையம் முழுக்க நம்பர். எதுக்குங்க அது? (ஓமலூர்)

கணக்குப் போட! பிரைட்லிங் கம்பெனி 1950-களில் கொண்டுவந்த நேவிடைமர் வாட்சில் இந்த வளையம் உண்டு. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பைலட்கள் வேகம், எரிபொருள் எல்லாம் இதில்தான் பார்த்தார்கள். நம்ம ஊர்க் கணக்கு ஒன்று போடுவோம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கி.மீ.; 20 கொண்டை ஊசி வளைவு, சராசரி 25 கி.மீ. வேகம் என்று வையுங்கள். சுழல்கிற வளையத்தின் 25-ஐ, அசையாத வளையத்தின் 60-க்கு நேரே கொண்டுவாருங்கள். இப்போது எதையும் அசைக்காமல், சுழல்கிற வளையத்தில் 30 எங்கே என்று தேடுங்கள். அதற்கு நேர் உள்ளே 72. அதாவது 72 நிமிஷம். வழியில் குரங்கு பார்க்க நிறுத்தினால் அது உங்கள் பாடு.

பழைய வாட்ச் திடீர்னு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் முந்துது. (அம்மாபேட்டை)

ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தீர்களா? காந்தம் ஏறினால் ஹேர் ஸ்பிரிங்கின் (வேகத்தைக் கட்டுப்படுத்துகிற மெல்லிய சுருள்) சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் குட்டையானது போல ஆகி வேகமாக ஓடும். திசைகாட்டி அருகே கொண்டுபோங்கள்; முள் துடித்தால் அதுதான். காந்தம் நீக்குகிற கருவி வைத்திருக்கும் கடையில் ஒரு நிமிஷ வேலை. மார்க் 11-க்குள் மெல்லிரும்புக் கூடு வைத்ததே காக்பிட் காந்தத்துக்குப் பயந்துதான்.

தாத்தா எஸ்டேட்டில் இருந்தப்ப கட்டின வாட்ச். ரேடியம் பழுப்பாயிருச்சு, மின்னல. சுரண்டிட்டுப் புதுசு பூசலாமா? மூடுபனி நாள்ல கண்ணாடிக்குள்ள ஆவி வேற படியுது. (ஏற்காடு)

சுரண்டவே கூடாது. இன்றைக்கு மின்னுகிற எதையும் நாம் ரேடியம் என்கிறோம், ஆனால் தாத்தா காலத்தது நிஜ ரேடியமாகவே இருக்கலாம். அதன் அரை ஆயுள் 1,600 வருஷம். ஒளி தருகிற துத்தநாக சல்பைடுதான் கெட்டுப்போயிருக்கும், கதிர்வீச்சு அப்படியே இருக்கும். தூள் மூக்கில் போனால் ஆபத்து. டயலின் அடியில் 'டி' எழுத்து இருந்தால் அது ட்ரிடியம், 12 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். எதுவானாலும் நீங்கள் திறக்க வேண்டாம்.

ஆவி விஷயம்: சேலத்துச் சூட்டில் உள்ளே புகுந்த ஈரக்காற்று, மலைக் குளிரில் கண்ணாடியில் படிகிறது. கால் மணி நேரத்தில் மறைந்தாலும் வாஷர் போயிருக்கிறது என்று அர்த்தம். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுங்கள், ரேடியம் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். தள்ளிப்போட்டால் கிரவுன் தண்டில் துரு பிடித்து, ஹேர் ஸ்பிரிங்குக்கும் ஏறிவிடும்.