பழுதுபார்த்தல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். மெல்லிசைக் குழுவில் பல வருடம் வாசித்த என் பெரியப்பா, தன்னுடைய ரோலண்ட் எஸ்.எச்.-101 சிந்தசைசரை எனக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய நண்பர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஒலி அருமை. ஆனால் சுருதி நிற்பதில்லை. மாலை ஆறு மணிக்கு ஆர்மோனியத்தோடு சேர்த்தால் ஏழு மணிக்குள் எல்லாக் கட்டைகளும் ஒன்றாக இறங்கிவிடுகின்றன. நடுவில் திடீரென்று ஒரு குதி குதித்து வேறெங்கோ போய் நிற்கிறது. முன்பலகை இடுக்குகளில் துரு எண்ணெய் அடித்துப் பார்த்தேன், இரண்டு நாள் சரியாக இருந்தது. மதுரையில் ஒரு கடைக்காரர், சுருதியை உண்டாக்கும் ஆசிலேட்டர் சிப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். இணையத்தில் சிலர் இந்த நழுவல்தான் அனலாக் கருவியின் ஆன்மா, அப்படியே விடு என்கிறார்கள். சிப்பை மாற்றலாமா? எங்கே கிடைக்கும்? அல்லது விற்றுவிடலாமா? பெரியப்பாவைக் கேட்டால், ‘நான் வாசிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது’ என்று எரிந்துவிழுகிறார். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று, பரணிலிருந்து இறக்கிய ஓர் அட்டைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய இரண்டு ரேடியோ வால்வுகள். அதனால்தான் பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ‘நல்ல மெக்கானிக்கைப் பாருங்கள்’ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

விற்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கொடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே வாத்தியத்துக்கு விலை விசாரிக்கிறவரோடு எனக்குப் பேச்சில்லை. சிப் கிடைக்கிறது, இப்போதும் அதற்கு இணையானவை தயாராகின்றன. போதுமா? நழுவல்தான் ஆன்மா என்கிறவர்களைக் கோயில் திருவிழாவில், நாதஸ்வரத்துக்கு ஒரே சுருதியை இடைவிடாமல் ஊதும் ஒத்துக்காரருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். இரண்டு மூன்று ஆசிலேட்டர் உள்ள கருவியில் அவை ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி நின்றால் ஒலி தடிக்கும், அது அழகுதான். உங்கள் கருவியில் இருப்பது ஒரே ஓர் ஆசிலேட்டர். அது இறங்கினால் பாட்டே இறங்குகிறது. அதற்கு ஆன்மா என்று பெயர் வைப்பது சோம்பேறித்தனம்.

துரு எண்ணெய்! கதவுக் கீலுக்கு அடிப்பதை ஒரு வாத்தியத்துக்குள் அடிக்க எப்படித் தம்பி மனம் வந்தது? இன்றைக்கு வழுக்கும். நாளைக்குத் தூசியையும் பொடிமணலையும் பிடித்துக்கொண்டு சேறாகும். ஆனால் உங்கள் கடிதத்திலேயே பயனுள்ள வரி அதுதான். இரண்டு நாள் சரியாக இருந்தது என்கிறீர்கள். எண்ணெய் அடித்து எந்தச் சிப்பும் குணமானதில்லை. குணமானது ஏதோ ஒரு தொடுமுனை. நீங்களே விடையை எழுதிவிட்டு, அடுத்த வரியில் சிப்பை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்!

மண்டபத்தில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. மத்திய அலையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம்போலக் கேட்கும், அதில் வம்பில்லை. அப்பாவுக்கு ராத்திரி சிற்றலையில் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் பித்து. ரேடியோவுக்குள்ளும் ஓர் ஆசிலேட்டர் உண்டு. பிடிக்க வேண்டிய நிலையத்தைவிடச் சுமார் 455 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அது ஓடும். இரண்டும் கலந்து கிடைக்கும் வித்தியாசத்தைத்தான் மற்றப் பகுதிகள் பெருக்கி நமக்குக் கேட்கவைக்கின்றன. அது கொஞ்சம் நகர்ந்தால் நிலையம் கையைவிட்டுப் போய்விடும். எங்கள் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் பாதி வாக்கியத்தில் கரைந்துபோவார். அப்பா குமிழைத் திருகிப் பிடிப்பார். திடீரென்று ஒரு கரகரப்பு, வேறு ஏதோ மொழியில் ஒருவர் பாடிக்கொண்டிருப்பார்.

உள்ளூர்க் கடையில் வால்வு போய்விட்டது என்றார்கள். ஈ.சி.எச்.81 என்ற அந்த வால்வுதான் ஆசிலேட்டர் வேலையையும் பார்ப்பது. அப்பா மாற்றினார். ஒரு வாரம் சரியாக இருந்தது. பிறகு, போட்ட வால்வு மட்டம் என்றார்கள். மறுபடியும் மாற்றினார். அம்மாவுக்குத் தெரியாது. மூன்றாவது முறைதான் ரேடியோவைப் போர்வையில் சுற்றி ராமநாதபுரம் கொண்டுபோனோம். அரண்மனைப் பக்கம் ஒரு சின்னக் கடை. கீழக்கரைக்காரர், எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பார்கள்.

அவர் ரேடியோவைப் போட்டார். பின்மூடியைக் கழற்றவில்லை. எங்களுக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார். அரை மணி நேரம் பேப்பர் படித்தார். அப்பாவுக்குப் பொறுமை போய், ‘காக்கா, திறந்து பாருங்களேன்’ என்றார். ‘பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்’ என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். நம் மொழியில் பழுது *பார்ப்பது* என்கிறோம். பழுது மாற்றுவது என்று நாம் சொல்லவில்லை. வைத்தியர் நாடி பார்க்கிறார், பிறகுதான் மருந்து. இப்போது கடைகளில் பார்ப்பது என்பதே இல்லை. ‘போர்டு போச்சு, மாத்திடலாம்.’ பார்க்கத் தெரியாதவனின் வாயில் வரும் முதல் சொல் அது. மாற்றிச் சரியானாலும் ஏன் சரியானது என்று அவனுக்குத் தெரியாது. சரியாகாவிட்டால் அடுத்த பாகம். உங்கள் பணம், அவன் பயிற்சி. இதைப் பல கூட்டங்களில் சொல்லி நண்பர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

அரை மணி கழித்துக் காக்கா சொன்னது: ‘சூடு நழுவும், துரு குதிக்கும். இது இரண்டும் செய்கிறது. குதிப்பதை முதலில் பிடிப்போம்.’ மூடியைக் கழற்றினார். திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் ஒவ்வொரு பாகத்தையும் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். நிலையம் மாற்றக் குமிழோடு சேர்ந்து சுழலும் கேங் கண்டென்சரின் அச்சில் உள்ள செம்புச் சுருளைத் தொட்டதும் நிலையம் குதித்தது. உப்புப் பூத்த தொடுமுனை. ஸ்பிரிட்டில் நனைத்த கோழி இறகால் துடைத்தார். அப்பா மாற்றிய இரண்டு வால்வும் நல்ல வால்வுகள். அவைதான் இப்போது என் முன்னால் இருக்கின்றன.

சரி, உங்கள் பெட்டிக்கு வருகிறேன். அனலாக் ஆசிலேட்டரில் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அதாவது அதிர்வெண் இரட்டிக்க வேண்டும். 220 என்றால் 440, அடுத்த வோல்ட்டுக்கு 880. இந்த இரட்டிப்பைச் செய்வது டிரான்சிஸ்டரின் இயல்பு. அதன் வாசலில் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினாலே உள்ளே ஓடும் மின்னோட்டம் இரட்டிக்கிறது. சிக்கலும் அங்கேதான். டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடானால் அதே வாசலில் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் தானாக நகர்கிறது. கணக்குப் போடுங்கள். ஒரு டிகிரிக்கு அரைக் கட்டைக்கும் (ஸ்தாயியில் பன்னிரண்டில் ஒரு பங்கு) மேல் ஓடிவிடும். அதனால்தான் இரட்டைப் பிள்ளைபோல ஒத்த இன்னொரு டிரான்சிஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன்றின் நகர்வை மற்றது தின்னும்படி செய்கிறார்கள். அப்படியும் ஒரு டிகிரிக்கு 0.33 சதவீதத் தவறு மிஞ்சும், அதற்குத் தனி ஈடு. 1982இல் வந்த உங்கள் கருவியில் இருக்கும் சி.இ.எம்.3340 சிப், இந்த இரண்டு வேலையையும் தனக்குள்ளேயே செய்துகொள்வது. அதைத்தான் முதல் குற்றவாளி என்கிறார் மதுரைக்காரர்.

பின்பக்கத்தில் சி.வி. அவுட் என்று ஒரு துளை இருக்கிறது. கட்டை அமுக்கும்போது ஆசிலேட்டருக்குப் போகும் வோல்ட் அங்கே வெளியே தெரியும். இதைவிட என்ன வேண்டும்? சுருதியை ஆட்டும் மாடுலேஷனையும், கட்டைக்குக் கட்டை வழுக்கவைக்கும் போர்ட்டமென்டோவையும் பூஜ்யத்தில் வையுங்கள். ஒரு கட்டையை அமுக்கித் தீப்பெட்டி செருகிவிட்டு, மல்டிமீட்டரை அங்கே மாட்டி, ஒரு மணி நேரம் சும்மா பாருங்கள். சுருதி இறங்கும்போது வோல்ட்டும் இறங்கினால் ஆசிலேட்டர் நிரபராதி. மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள், பிறகு கட்டையை வோல்ட்டாக மாற்றும் பகுதியை. நீங்கள் அடாப்டரில் ஓட்டுகிறீர்களா, ஆறு பேட்டரி போட்டா என்றுகூட எழுதவில்லை! பெரியப்பா காலத்துப் பேட்டரி கசிந்து சுருள் கம்பி பச்சை பிடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். வோல்ட் அசையாமல் நிற்க, சுருதி மட்டும் குதித்தால் டியூன், ரேஞ்ச் திருகு, சுருதியை வளைக்கும் பெண்டர் ஆகியவற்றின் தொடுமுனைகள். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பாருங்கள். அந்த எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, முழுசாகக் காயவிட்டுப் பிறகு போடுங்கள். இவ்வளவும் ஆன பிறகுதான் சிப்.

மெதுவாக இறங்குவது ஏன் மாலையில் என்று யோசித்தீர்களா? காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரையும். உங்கள் வீட்டு உப்பு ஜாடியைப் பாருங்கள். கடற்காற்றில் வந்து சர்க்யூட் பலகைமேல் படிந்த உப்பும் அப்படித்தான். பொழுது சாயச்சாய நசநசத்து, ஒட்டக்கூடாத இரண்டு பாதைக்கு நடுவே மெல்லியதாக மின்சாரத்தைக் கசியவிடும். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவைத்தது இந்தக் காற்று. நான்கு கிலோ பிளாஸ்டிக் பெட்டி எம்மாத்திரம்? இது என் ஊகம்தான், மீட்டர் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன். பலகையைத் துடைப்பதும், வாசிக்காதபோது மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதும் செலவில்லாத காரியம்.

மறுபடி எழுதும்போது எண்களோடு எழுதுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை மில்லிவோல்ட் என்று இருக்க வேண்டும். அரைக் கட்டைக்கு 83 மில்லிவோல்ட், இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

பெரியப்பா பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவரிடம் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், குற்றம் சாட்டுவதுபோல இருக்கும். முன்னால் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டு முழுக்க அவருடைய இடது கை எங்கே போகிறது, எதைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்கிறது என்று மட்டும் பாருங்கள். மூடியைக் கழற்றினால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்த இடத்தை.